என் ரத்தத்தில் நூறு பேர்

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பியதிலிருந்து எனக்குப் புதிதாக ஒரு தொல்லை. செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் தனியார் பஸ் ஒன்றில் நான் கண்டக்டர். ஏறுகிறவர்கள் டிக்கெட் கேட்பதற்கு முன்னால், "ஏழுமல, இன்னாப்பா ஆச்சு உனக்கு? ஆளே எளச்சிட்ட" என்று கேட்கிறார்கள். என் வாய் சும்மா இருக்காது, ஆரம்பித்துவிடுகிறேன். விழுப்புரம் வரை வருகிறவர்களுக்கு முழுக் கதையும் கிடைத்துவிடும். மண்டகப்பட்டில் இறங்குகிறவர்களிடம்தான் மாட்டிக்கொள்கிறேன். அவர்கள் ஊர் வரும்போது கதை சரியாக, "ரத்தப் புற்றுநோயா இருக்கலாம்னு சொல்லிட்டாங்க" என்ற இடத்தில் நிற்கும். அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். போன வாரம் தளவானூரிலிருந்து என் சித்தப்பா மகன் வந்து வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாலை ஒன்றுதான் வாங்கி வரவில்லை. நான் உள்ளே உட்கார்ந்து முட்டை தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன். முடிவு நல்ல முடிவு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பயந்துகொண்டே படிக்க வேண்டாம். நாங்கள் பயந்ததே போதும்.

கோட்டைப் பாறையெல்லாம் காய்ந்து கொதிக்கிற சித்திரை மாதம் அது. முதலில் சளி, பிறகு ஜுரம். கண்டக்டர்களுக்கு ஒரு திமிர் உண்டு. ஊர்ப்பட்ட தும்மலையும் இருமலையும் தினம் சுவாசிக்கிறோம், இனி எங்களுக்கு எது வரப்போகிறது என்று நினைப்போம். நானும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். என் டிரைவர் கோதண்டம் அண்ணன்தான் முதலில் கண்டுபிடித்தார். அவர் என்னைவிடப் பெரியவர். நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் பல வருஷமாக ஓடுகிறோம், பெண்டாட்டிகளைவிட ஒருவர் முகத்தை ஒருவர் அதிகம் பார்த்தவர்கள். அன்று தளவானூர் விலக்கில் பெரிய கும்பல் ஏறியது. நான் சத்தமே போடவில்லை. அவர் பிரேக்கை அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா ஏழுமல, உள்ள போ உள்ள போன்னு கத்தவே இல்ல. உடம்பு சரியில்லியா?"

"குளிருதுண்ணா."

"குளிருதா? இந்த வெயில்லயா?"

கையை நீட்டி என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். செஞ்சி திரும்பியதும் ஸ்டாண்டுக்குப் போகாமல், பஸ்ஸை நேராக ஒரு நர்சிங் ஹோம் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பஸ் நிறைய ஆள் இருந்தார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, அவர் முகம் அப்படி இருந்தது. என்னைக் கைத்தாங்கலாக இறக்கி உள்ளே விட்டுவிட்டுத்தான் மற்றவர்களை ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. நிமோனியா என்றார் டாக்டர். நுரையீரலில் கிருமி புகுந்து சளி கட்டிக்கொள்வதுதான் அது, ஊசி மருந்தில் சரியாகிவிடும், படுத்திருங்கள் என்றார். அவர் எதையும் மெதுவாகப் பேசுகிற மனிதர். அந்த நிதானமே பாதி ஜுரத்தைக் குறைத்தது.

ஆனால் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அவர் புருவம் சுருங்கியது. ரத்தத்தில் வெள்ளணுக்கள் என்று இருக்கின்றன, கிருமி வந்தால் சண்டைக்குப் போகிறவை. நிமோனியாவில் அவை கூடத்தான் செய்யும். எனக்கு அவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கூடியிருந்தன. நர்சிங் ஹோமில் இருந்த சின்ன மெஷின் மொத்தம் எவ்வளவு என்று மட்டும்தான் சரியாகச் சொல்லும். எந்த வகை எத்தனை என்று விவரமாகத் தெரிய, ஒரு குழாய் ரத்தத்தை விழுப்புரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லேபுக்கு அனுப்பச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் ரத்தம் பஸ்ஸில்தான் போகும். செஞ்சி லேபுகளில் எடுக்கிற ரத்தக் குழாய்களை ஒரு தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் பையோடு வைத்துக் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார்கள். விழுப்புரம் ஸ்டாண்டில் லேப் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். என் பஸ்ஸில் அந்தப் பெட்டி என் தலைக்கு மேலே கம்பியில் தொங்கும். அதைத் தொட யாரையும் விட மாட்டேன். எத்தனையோ பேருடைய சர்க்கரையையும் கொழுப்பையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். இப்போது என் ரத்தம் என் பஸ்ஸிலேயே போனது, நான் இல்லாமல். எனக்குப் பதிலாக வந்த கண்டக்டர்மேல் கோதண்டம் அண்ணனுக்கு நம்பிக்கை இல்லை. "உன் ரத்தத்த நான் பாத்துக்குறேன், நீ கண்ண மூடிப் படு" என்று போனில் சொன்னார். நானும் கண்ணை மூடிப் படுத்தேன்.

அந்த அறையில் இருந்த நாட்களை நினைத்தால் இப்போதுகூடச் சிரிப்பு வருகிறது. ஜன்னலைத் திறந்தால் மலை. மலை என்றால் குரங்கு. என் மனைவி அம்சா ரேஷன் கடையில் பில் போடுகிறவள். லீவு போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு குரங்கு ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு ரொட்டிப் பாக்கெட்டை இழுத்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு கைகள் உள்ளே வந்தன. அம்சா எழுந்து, கடையில் பழகிய குரலில், "ஏய், வரிசைல வாங்க!" என்று ஒரு அதட்டல் போட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று கைகளும் வெளியே போய்விட்டன. நான் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நர்ஸ் ஓடி வந்தார்.

கோதண்டம் அண்ணன் ஒவ்வொரு ட்ரிப்பிலும் நர்சிங் ஹோமைக் கடக்கும்போது ஹாரனை நீளமாக ஒரு அடி, குட்டையாக ஒரு அடி அடித்துவிட்டுப் போவார். இருக்கிறேன், வந்துவிட்டேன் என்று அர்த்தம். நானும் கையில் ஊசி குத்திய குழாயோடு ஜன்னலுக்குப் போய்க் கை காட்டுவேன். கடைசியில் நர்ஸ் வந்து, "சார், அது உங்க பஸ்ஸா? எதிர் ரூம்ல ஆபரேசன் பண்ணிக்கிட்டவரு ஒவ்வொரு தடவையும் எழுந்து பையத் தூக்கிட்டு கெளம்புறாரு" என்றார்.

என் மகள் பிரியா காலேஜ் முடிந்து வந்து எனக்குச் சவரம் செய்துவிட்டாள். மீசையில் ஒரு பக்கம் கொஞ்சம் குறைந்துபோனது. அதைச் சரி பண்ணப் போய் மறுபக்கமும் குறைந்தது. "நைனா, இப்ப கரெக்டா இருக்குது" என்றாள். கண்ணாடியை மட்டும் கொடுக்கவில்லை.

இப்படி இருந்தபோதுதான் ரிப்போர்ட் வந்தது.

டாக்டர் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, அம்சாவை வெளியே வரச் சொன்னார். நான் கண்டக்டர். பின் சீட்டில் கிசுகிசுப்பது முன்படியில் கேட்கிற காது எனக்கு. "சார், எதா இருந்தாலும் இங்கயே சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து கத்தினேன். அவர் திரும்பி வந்து கட்டிலில் என் கால்பக்கம் உட்கார்ந்தார். டாக்டர் கட்டிலில் உட்கார்ந்தால் நல்லதில்லை என்று எனக்குத் தோன்றியது.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். வெள்ளணுக்கள் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் பிறந்து, படிப்படியாக வளர்ந்து, முழு ஆளான பிறகுதான் ரத்தத்துக்கு வரும். கிருமியோடு சண்டை கடுமையாக இருந்தால், மஜ்ஜை கொஞ்சம் வளர்ந்ததுகளையும் முன்கூட்டியே அனுப்பிவிடும். இவை இளம் செல்கள். அது பரவாயில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் படியில் இருக்கிற, பிறந்த மேனிக்கு இருக்கிற செல் ஒன்று உண்டு. அதன் பெயர் பிளாஸ்ட். அது மஜ்ஜையை விட்டு வெளியே வரக்கூடாது. ரத்தத்தில் அது நடமாடினால் ரத்தப் புற்றுநோயோ என்று சந்தேகப்பட வேண்டும். விழுப்புரத்து மெஷின் என் ரத்தத்தில் இளம் செல்கள் அதிகம் என்று சொல்லி, பிளாஸ்ட் இருக்கலாம் என்று பக்கத்தில் ஒரு சந்தேகக் குறியும் போட்டிருந்தது.

"இருக்கலாம்னா, இருக்குதா இல்லியா சார்?" என்றாள் அம்சா.

"அது தெரியலம்மா. இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பாத்தா தெரிஞ்சுடும். நாளைக்கு விழுப்புரம் போயிடுங்க. அங்க ரேவதி மேடம் இருக்காங்க, ரத்தம் பாக்குறதுல கெட்டிக்காரங்க. நான் பேசிடறேன்."

பிரியா அதற்குள் போனில் தேடிப் படித்துவிட்டாள். என்ன படித்தாள் என்று சொல்லவில்லை. பாத்ரூமுக்குள் போய்க் குழாயை ரொம்ப நேரம் திறந்துவிட்டிருந்தாள்.

நான் பயந்தேன். இதை மறைக்க என்ன இருக்கிறது? சாவதற்குப் பயந்தேன். அம்சா இல்லாமல் நான் எங்கேயும் போனதில்லை, அவளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று பயந்தேன். அன்று பொழுது சாய்ந்த பிறகு அவள் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சாதாரணமாக ரேஷன் கடைக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். யார் பாமாயில் கேட்டுச் சண்டை போட்டது, யார் கைரேகை மெஷினில் பதியாமல் திரும்பிப் போனது என்று. பாதிக் கதையில் நிறுத்திவிட்டு, "உனக்கு ஒண்ணும் இருக்காது, நான் சொல்றேன் பாரு" என்றாள். வழக்கமாக என்னை 'வாங்க போங்க' என்பவள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒருமுறை 'நீ' என்று சொன்னது. அதற்கப்புறம் அன்றுதான்.

மறுநாள் டாக்டர் கார் வைத்துக்கொண்டு போகச் சொன்னார். நான் என் பஸ்ஸில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். ஜுரம் அப்போது நன்றாக இறங்கியிருந்தது, மூச்சும் பரவாயில்லை. தலையில் அடித்துக்கொண்டு சம்மதித்தார். கோதண்டம் அண்ணன் மறுபடியும் பஸ்ஸை வாசலுக்கே கொண்டுவந்தார். முதல் சீட்டை, தினமும் எங்கள் பஸ்ஸில் வருகிற மண்டகப்பட்டு டீச்சர் எனக்காகப் பிடித்து வைத்திருந்தார். மாற்றுக் கண்டக்டர் என்னிடம் வந்து தயங்கித் தயங்கி டிக்கெட் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நான் டிக்கெட் வாங்கினேன், எனக்கும் அம்சாவுக்கும் கூட வந்த பிரியாவுக்கும். வாழ்க்கையில் முதல் தடவை.

அன்று கோதண்டம் அண்ணன் ஓட்டியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் நின்று யோசித்து இறங்கினார். ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போனார். பின்னாலிருந்து ஒருவர், "இன்னாண்ணா, எறங்கித் தள்ளணுமா?" என்று கேட்டார். அம்சா எனக்காகக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள், பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவஸ்தைப்பட்டாள்.

"அத இப்டி பானெட் மேல வைம்மா" என்றார் கோதண்டம் அண்ணன், தன் பக்கத்தில் இருந்த எஞ்சின் மூடியைத் தட்டிக் காட்டி. "விழுப்புரம் வரிக்கும் சூடு ஆறவே ஆறாது."

எங்கள் பஸ்ஸில் எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த மூடிமேல் உட்காருகிறவர்கள் சித்திரையில் வேட்டியோடு துள்ளி எழுவார்கள். கஞ்சி உண்மையிலேயே கொதிக்கக் கொதிக்க இருந்தது.

டாக்டர் ரேவதி அந்த லேபுக்குத் தலைமை. குள்ளமான உருவம், நரைத்த கொண்டை, மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டிருந்தார். என்னை உட்காரவைத்துக் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, வயிற்றில் மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இரண்டும் இல்லை. ஆனாலும் அவர் முகத்தில் ஏதோ குழப்பம் இருந்தது.

"ஏழுமலை, எலும்புல குத்துறதுக்கு முன்னாடி உங்கள ஒண்ணு கேக்கணும். மெஷின் சந்தேகக் குறி போட்டா, அந்த ரத்தத்தையே கண்ணாடித் தகட்டுல தடவி நான் மைக்ராஸ்கோப்புல பாப்பேன். உங்களுத பாத்தேன். ஒண்ணுமே படிக்க முடியல. செவப்பணுவெல்லாம் ஒடஞ்சி துண்டு துண்டா கெடக்குது, வெள்ளணுவெல்லாம் உப்பி உருவம் கெட்டுப் போயிருக்குது. அதே பெட்டியில செஞ்சியிலேர்ந்து வந்த மத்தவங்க ரத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்குது. உங்க ரத்தம் மட்டும் வெந்துபோன மாதிரி இருக்குது. அது எப்படி வந்துச்சு?"

வெந்துபோன மாதிரி என்றதும் பானெட் மேல் ஆறாமல் வந்த கஞ்சி நினைவுக்கு வந்தது. அம்சாவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கோதண்டம் அண்ணன் பஸ்ஸை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, எங்களுக்கு டீ வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"அண்ணா," என்றேன், "அன்னிக்கு என் ரத்தத்த எங்க வெச்சி கொண்டாந்த?"

அவர் முகம் பெருமையில் மலர்ந்தது. "அதயேன் கேக்குற! பொட்டியத் தொறந்து பாக்குறேன், உன் பேரு போட்ட குழாய ஐஸ் மேல படுக்க வெச்சிருக்காங்க. மனுசன் அங்க குளிர் ஜொரத்துல நடுங்கினு கெடக்குறான், அவன் ரத்தத்தக் கொண்டுபோய் ஐஸ்ல வெப்பாங்களா மேடம்? எனக்கு மனசு கேக்கல. உன்னுத மட்டும் எடுத்து, என் துண்டுல சுத்தி, பானெட் மேல வெச்சிட்டேன். கை வெச்சாலே கதகதன்னு இருந்துச்சி. ஸ்டாண்டு வந்ததும் திரும்ப பொட்டியில வெச்சிட்டேன், அவங்களுக்குத் தெரிய வேணான்னு."

டாக்டர் ரேவதி சிரிக்க ஆரம்பித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் கண்ணாடி நெற்றியிலிருந்து தானாக மூக்குக்கு வந்து சேர்ந்தது. ரத்தம் அதிகச் சூடு பட்டால் செல்கள் சிதைந்துவிடும், சிதைந்த செல்களை மெஷின் எதனோடும் சேர்க்கத் தெரியாமல் திணறும் என்று அவர் விளக்கியபோது, கோதண்டம் அண்ணன் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப இவ்ளோ பயமும் என்னாலயா?" என்றார்.

"இருங்க. நான் சிரிச்சேன்னு யாரும் எதையும் முடிவு பண்ணிடாதீங்க" என்றார் டாக்டர். "பழைய ரத்தம் கெட்டுப்போச்சு, அதனால அந்தச் சந்தேகம் செல்லாது. ஆனா நோய் இல்லன்னும் இன்னும் சொல்ல முடியாது. புதுசா பாக்கணும்."

சிரிப்பு நின்றது. மறுபடி கையில் ஊசி. அந்த ரத்தத்தைப் பக்கத்து அறையில் இருந்த பெரிய மெஷினில் வைத்தார்கள். இன்னொரு துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து, காயவைத்து, ஊதாச் சாயம் ஊற்றினார்கள். காய்கிற நேரத்தில் நான் கேட்டேன், "மேடம், அவ்ளோ பெரிய மெஷின் சொன்னதுக்கு அப்புறம் நீங்க வேற எதுக்கு எண்ணணும்?"

"ரெண்டும் வேணும். மெஷின் ஒரு நிமிஷத்துல ஆயிரக்கணக்குல செல்லு எண்ணும். நான் உக்காந்து எண்ணினா நூறு, மிஞ்சிப்போனா எரநூறு. ரொம்பக் கொஞ்சமா இருக்கறத நான் தவற விட்டுடலாம், அது விடாது. அதுக்கு அலுப்பும் கெடையாது, எனக்கு சாயங்காலம் ஆனா கண்ணு எரியும். ஆனா அது ஒவ்வொரு செல்லு மேலயும் வெளிச்சம் அடிச்சு, அந்த வெளிச்சம் எப்படி சிதறுதுன்னு வெச்சுத்தான் இது இன்னதுன்னு கணிக்குது. இளம் செல்ல எல்லாம் ஒரே கூட்டமா சேத்து ஒரு எண்ணிக்கை குடுத்துடும். அதுல எது எந்தப் படி, எது பிளாஸ்ட்டுன்னு மொகத்தப் பாத்து நான்தான் சொல்லணும்."

"எங்க டிக்கெட் மெஷின் மாதிரி" என்றேன். "எத்தினி பேர் ஏறுனாங்கன்னு கரெக்டா சொல்லும். நடுவுல நடந்து போய்ப் பாத்தாத்தான் யாரு மாசமா இருக்கறவங்க, யாரு குடிச்சிருக்கான்னு தெரியும்."

"அதேதான். எங்க மெஷினோட சண்டையும் எனக்கு இல்ல. அது பிளாஸ்ட்டுன்னு சொல்லல. எனக்குத் தெரியல, யாராவது கண்ணால பாருங்கன்னுதான் குறி போட்டுச்சு. அதப் படிச்ச நாமதான் தீர்ப்புன்னு நெனச்சு பயந்துட்டோம்."

பிறகு அவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். நாங்கள் நாலு பேரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிரியா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், சின்னக் குழந்தையாக இருந்தபோது கூட்டத்தில் பிடிப்பது மாதிரி. டாக்டரின் வலது கை தகட்டை நகர்த்த, இடது கை செல் எண்ணுகிற ஒரு சின்னப் பெட்டியில், வகைக்கு ஒன்றாக இருந்த பொத்தான்களைத் தட்டிக்கொண்டே இருந்தது. அதில் எந்தத் தட்டு என் உயிர் என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தடவை செத்தேன்.

பெட்டி கூவியது. அவர் மறுபடி ஆரம்பித்தார். மறுபடி கூவியது. திரும்பினார்.

"இளம் செல்லுங்க இருக்குது. நிமோனியாவுக்கு எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவு. மெஷினும் இப்ப அதேதான் சொல்லுது. பிளாஸ்ட்டு ஒண்ணுகூட இல்ல. எலும்புல ஊசியெல்லாம் வேணாம். நுரையீரல் சரியானதும் இன்னொரு தடவ வந்து ரத்தம் குடுங்க, அவ்வளவுதான்."

கோதண்டம் அண்ணன் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். பிரியா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எனக்கு உடம்பில் எடையே இல்லை. மாற்றுக் கண்டக்டர் போன் மேல் போன் அடித்தார், ட்ரிப் நேரம் ஆகிவிட்டது என்று. "நிக்கட்டும்யா, பஸ்ஸு எங்க ஓடிடப் போவுது" என்று கோதண்டம் அண்ணன் போனையே அணைத்துவிட்டார்.

அம்சா மட்டும் அசையவில்லை. எதையும் ஒருமுறை எடை போட்டு நம்புகிறவள் இல்லை அவள். தராசில் இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்துத்தான் மூட்டையை வாங்குவாள்.

"மேடம்," என்றாள். "தப்பா நெனச்சிக்காதீங்க. இன்னொரு வாட்டி எண்ணுவீங்களா? நான் பாக்கணும்."

வேறு டாக்டராக இருந்தால் கோபித்திருப்பார். அவர் அம்சாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. நான் பாத்து பேரு சொல்றேன், நீங்க தட்டுங்க. இது முழுசா வளந்தது, இது லிம்ஃபோ, அது வேற ஒரு வகை, இது பேண்டு, கொஞ்சம் எளசு, இது ரெண்டும் அதுக்கும் எளசு. இந்தக் கடைசிப் பொத்தான் பிளாஸ்ட்டு. நூறு ஆனா பெட்டி தானா கூவும்."

அம்சா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வலது கை பொத்தான்களின் மேல். இடது கையின் ஆட்காட்டி விரலைத் தனியாக எடுத்துக் கடைசிப் பொத்தானின் மேல், படாமல், தயாராக வைத்துக்கொண்டாள்.

"வளந்தது" என்றார் டாக்டர். டொக். "வளந்தது. வளந்தது. பேண்டு. லிம்ஃபோ. வளந்தது." டொக் டொக் டொக். ரேஷன் கடையில் பழகிய விரல்கள், டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் தட்டின. "பேண்டு. இது பாருங்க, அழகா குதிரைலாடம் மாதிரி வளஞ்சிருக்கு." என்னைக் கூப்பிட்டு ஒரு கண் பார்க்க விட்டார். இளஞ்சிவப்பு வட்டங்களுக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒருத்தன் வளைந்து நின்றிருந்தான். என் ஆள். எனக்காகச் சண்டைக்கு வந்தவன். அவனைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"வளந்தது. வளந்தது." டாக்டர் சில இடத்தில் கொஞ்சம் நின்று பார்த்தார். அவர் நின்றபோதெல்லாம் அம்சாவின் இடது விரல் பொத்தானுக்கு இன்னும் கிட்டே இறங்கியது. "லிம்ஃபோ" என்று அவர் சொன்னதும் மேலே ஏறியது. கோதண்டம் அண்ணன் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிரியா வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"வளந்தது."

பெட்டி கூவியது.

அம்சா அந்தக் கடைசிப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மேல் வைத்த விரல் அப்படியே இருந்தது.

"முடிஞ்சுதும்மா" என்றார் டாக்டர் ரேவதி மெதுவாக. "வெரல எடுத்துக்கலாம்."

அம்சா விரலை எடுத்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை. என் பக்கம் திரும்பி, சந்தைக்கு வந்த வேலை முடிந்ததைப் போல, "இன்னாங்க, கெளம்பலாமா?" என்றாள்.